சாட்சியின் கையெழுத்து

கரமனையில் இருந்த நினைவுத் திருத்த அலுவலகத்துக்குப் பேச்சியம்மாள் பதினொரு மணிக்குப் போனாள். தடைசெய்த பாடங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அவளுடைய அண்ணன் இசக்கிமுத்து எட்டு மாதங்களுக்கு முன்பு காவலில் இறந்துபோனார். தகனத்துக்குப் பிறகு சாம்பல் சட்டியை அவள்தான் கையில் வாங்கினாள். சூடு அப்போது முழுக்க ஆறியிருக்கவில்லை.

அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று இன்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஹோட்டல் வேலைக்கான அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

கிளார்க் படிவத்தை வாசித்தார். 'அண்ணன்' என்ற சொல்லை இனி அவள் பேசக் கூடாது; அதன் பொருளும் அவளுக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

"சாட்சி காலையிலயே வந்து ஒப்பு போட்டாச்சு," என்று கிளார்க் தாளைத் திருப்பினார். "இது ஆரோட ஒப்பு? அறியுமோ?"

அது இசக்கிமுத்துவின் கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து அடியில் இரண்டு கோடு போடுவது அவர் வழக்கம். பக்கத்தில் இன்றைய தேதி இருந்தது.

அவள் தாளைக் கிளார்க் பக்கமே நகர்த்தினாள்.

"தெரியாது சார்."

கிளார்க் உள்ளறைப் பக்கம் பார்த்து, "கேட்டோ?" என்றார்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ நடந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ சொல்லுதது நெசந்தான் சார்," என்றது எட்டு மாதமாக அவள் கேட்காத குரல். "எனக்குத் தங்கச்சியே கெடையாது."