வளையம் நகர்ந்த பிறகு

சனிக்கோளின் வளையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சந்தானம் சார் தன் டெலஸ்கோப்பைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

"கெட்டுது காரியம்," என்றது டெலஸ்கோப், தன்னைத் தாங்கி நின்ற முக்காலியிடம். "சனி நகர்ந்து போயிட்டுது. சார் பேச்சு சுவாரசியத்துல என்னைத் திருப்ப மறந்துட்டார். உள்ளே வெறும் இருட்டுதான்."

"நாலு பிள்ளைங்க தெரியுதுன்னாங்களே?"

"முதல் பிள்ளை நிசமாப் பார்த்துச்சு. மத்த மூணும் அதைக் கேட்டுச் சொல்லுதுங்க. மேற்கே மேகம் வேற ஏறுது. வயித்தைக் கலக்குதப்பா."

"வெறுங்குழாய்க்கு வயிறு ஒரு கேடா?"

ஐந்தாவது பையன் கண்ணை வைத்தான். "வளையம் பளபளன்னு இருக்கு சார்." சார் பூரித்துப்போனார். மேகம் இன்னும் நெருங்கியது.

அடுத்து வந்த தவமணி ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலை சார்."

"போய்க் கண்ணாடி வாங்கிப் போடு," என்றான் ஒருவன். வரிசையே சிரித்தது. அவள் நகரவில்லை.

சார் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. அவசரமாகக் குழாயைத் திருப்பி அவளைக் கூப்பிட்டார். வளையத்தைப் பார்த்தவள் கண்ணை எடுக்கவே இல்லை.

"வரிசை நீளுதே, யாரது கடைசியில?" என்றது டெலஸ்கோப்.

"ஏற்கெனவே 'பார்த்துட்ட' அந்த மூணு பேரும், பளபளன்னு சொன்ன பையனும்தான்," என்றது முக்காலி.

நால்வரும் மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.