அழுத்திக் கட்டிய மௌனம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு கால்புள்ளிகூடக் கற்பனை இல்லை.

மாமனார் ஆயுசு முழுக்கக் கட்டிக்காத்ததை மாப்பிள்ளை காலைக் காப்பி ஆறுவதற்குள் தீர்த்துக்கட்டிவிட்டான். தடயமே தெரியாமல் இடத்தையும் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நாற்காலியில் சாய்ந்தான்.

மாமனாரின் தொழில் மௌனம் சேர்ப்பது. சினிமாவில் இரண்டு பேர் பேசி நிறுத்தினால், நடுவில் வெறும் சூனியம் இருக்கக் கூடாது. அந்த அறைக்கே உரிய அமைதி அடியில் ஓட வேண்டும். அப்படிப்பட்ட அமைதிகளை அவர் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருந்தார். காலி நீதிமன்றம், ஆஸ்பத்திரித் தாழ்வாரம், பூட்டிய தியேட்டர், சண்டை போட்ட தம்பதியின் படுக்கையறை என்று தனித்தனிப் பெயரில் தனித்தனி ஃபைல்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. நீதிமன்றத்தை எடுத்தபோது நீதிபதியே வாசலில் நின்று தும்மலை அடக்கிக்கொண்டாராம். அடக்கிய வேகத்தில் அன்றைய தீர்ப்பு தள்ளிப்போனதாம்.

"அந்தச் சினிமா எடிட்டருக்கு எல்லாத்தையும் ஒண்ணா ஜிப் பண்ணி அனுப்பிடுங்க மாப்ளே," என்று அன்று காலை சொல்லியிருந்தார். "அவருக்குப் பிடிச்சா நம்ம ஸ்டூடியோ நிக்கும். இல்லன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்."

கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பார்சல் ஆபீசில் மூட்டை கட்டியவன். கட்டுவது என்றால் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. இருப்பதிலேயே அதிக அழுத்தத்தைத் தேர்ந்தெடுத்துத் தட்டினான். யானையாகக் கிடந்தது சுண்டெலியாகச் சுருங்கியது. தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு, இடத்தை அடைத்துக்கிடந்த மூல ஃபைல்களை அழித்தான். வேறு பிரதி கிடையாது. மௌனத்துக்கு நகல் எடுப்பது பாவம் என்பது மாமனாரின் கொள்கை.

பிறகுதான் மூட்டையைப் பிரித்துக் கேட்டான். நீதிமன்றமும் படுக்கையறையும் ஒரே மாதிரி இருந்தன. தியேட்டரும் அதே. ஆஸ்பத்திரியும் அதே. பார்சல் ஆபீசில் கண்ணாடிச் சாமானை இப்படித்தான் இறுக்கிக் கட்டி, டம்ளர் எது ஜாடி எது என்று தெரியாமல் தூளாக்கியிருந்தான்.

"மாமா, ரொம்ப அழுத்திட்டேன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நசுங்கிப்போச்சு."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எதைக் கேட்டாலும் ஒரே மாதிரியா இருக்கு?"

"ஆமாம் மாமா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல மாமா."

"சொல்லாதீங்க. உங்க மானத்துக்காகத்தான் சொல்றேன்." பெருமூச்சு விட்டார். "அந்தந்த எடத்துக்குப் போய்ப் புதுசா எடுத்துட்டு வந்துடுங்க. நானே போவேன், இந்த முட்டிதான் கேக்க மாட்டேங்குது."

ஒரு வார்த்தை திட்டவில்லையே என்றுதான் மாப்பிள்ளைக்கு இன்னும் வலித்தது. மைக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நீதிமன்றக் காவலாளியின் காலில் விழுந்தான். தியேட்டரில் மேட்னிக்கு முன் எலிகளோடு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளி என்று நினைத்து ஊசி போட்டுவிட்டார்கள். பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

படுக்கையறைக்கு மட்டும் அலையவில்லை.

"தெனமும் எங்க போயிட்டு வர்றீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லக்கூடாதும்மா."

"அப்ப என்கிட்டயும் பேசாதீங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் குற்ற உணர்ச்சியோடு மைக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

இந்த முறை பயந்து பயந்து, லேசாகத்தான் அழுத்திக் கட்டினான். மூட்டை சுருங்குவேனா என்று பருத்துக் கிடந்தது. அப்படியே அனுப்பி வைத்தான்.

எடிட்டரே போனில் வந்தார். "ஐயா, ஒவ்வொரு அறையும் தனித்தனியா மூச்சு விடுது. அந்தப் படுக்கையறையைக் கேட்டதும் என் சம்சாரத்துக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டேன். இனிமே எல்லாப் படத்துக்கும் நீங்கதான்."

"ஆயுசு பூரா அலைஞ்சிருக்கேன் தம்பி," என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சை அறுத்தது. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக இந்த உத்தமர் வாய்கூசாமல் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே.

மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. உப்பு கூடிப்போச்சா?" என்றார் மாமியார்.

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அத்தை, மாமா ஊர் ஊரா அலைஞ்சு சேத்த அத்தனையையும் ஒரு அழுத்துல நசுக்கி நாசம் பண்ணிட்டேன். அவர் பெரிய மனுஷன், வெளிய சொல்லல."

மாமியார் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோற்றை வைத்தார்.

"அவரு எங்க அலைஞ்சாரு? நம்ம ஸ்டோர் ரூம்ல ஒரே ஒரு தடவை எடுத்தாரு. மத்ததெல்லாம் பேரு வெச்சதுதான்."