பவுனம்மாளின் குரல்

வாருங்கள் தோழர்களே, பட்டப்பகலில் நடந்த ஒரு துரோகத்திற்குச் சாட்சியாக நில்லுங்கள்.

புளியந்தோப்பில் குப்பை அள்ளும் பவுனம்மாள், டில்லிபாபுவின் கடையில் இருபது ஆண்டுகளாகத் தேநீர் குடித்தவர். சந்துக்குள் ஒளிந்திருந்த அக்கடையை எந்தக் கைப்பேசி வரைபடமும் அறிந்திருக்கவில்லை. டில்லிபாபு கேட்டுக்கொண்டதால் பவுனம்மாள்தான் வரைபடத்துக்குத் தம் குரலில் வழி பதிந்து கொடுத்தார்: "பம்பு ரூம் தாண்டி லெப்டுல திரும்பு. இஞ்சி வாசன வந்தா நின்னுக்கோ."

வரைபடம் அந்தக் குரலையே தனதாக்கிக்கொண்டது; இன்று நகரமெங்கும் கைப்பேசிகள் அந்தக் குரலில்தான் வழி சொல்கின்றன. தொழிலையும் தெருவையும் பார்த்து ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடும் அந்த வரைபடம், பவுனம்மாளின் கைப்பேசியில் மட்டும், "உங்கள் மதிப்பெண்ணுக்கு உரிய தேநீர்க் கடை இப்பகுதியில் இல்லை" என்கிறது.

தெரிந்த கடைதானே என்று அவர் நடந்தே போனார். வரைபடம் அனுப்பியவருக்கு மட்டுமே திறக்கும் புதுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் குரலைக் கேட்டு வந்த இரண்டு அந்நியர்களோ அவரைக் கடந்து உள்ளே சென்றார்கள்.

டில்லிபாபு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசினார். "நான் இன்னாக்கா பண்றது? கதவு மேப்பு பேச்சத்தான் கேக்குது. பின்பக்கம் வா, பேப்பர் கப்புல ஊத்தித் தரேன்."

"ஊருக்கு வழி சொல்ல நானு. டீ குடிக்க மட்டும் பின்பக்கமா, டில்லி?"

அவர் குடிக்காமலே திரும்பினார்.

தனிக்குவளையை உடைத்துவிட்டோம் என்று மேடைதோறும் முழங்கினோமே, அது இதோ கதவாக நிற்கிறது. நாளை அந்தக் குரல் உங்களை அழைக்கும்போது கைப்பேசியை அணையுங்கள். பவுனம்மாளிடமே நேரில் வழி கேளுங்கள். அவரோடு நடந்து போய், அவர் கைக்கு முதல் குவளை வரும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.