வெற்றிச்செல்வனின் பூட்டு

பட்டம் வருவதற்கு முன்பே ரெட்டியார்பாளையம் வீட்டு வாசலில் ‘டாக்டர்’ என்று பலகை மாட்டியிருந்த வெற்றிச்செல்வனுக்குக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் மறந்துபோனது. ஆய்வேடு உள்ளே மாட்டிக்கொண்டது. நாளை சமர்ப்பித்தாக வேண்டும். மனைவி பெயர், குலதெய்வம், பழைய பைக் நம்பர் எதற்கும் அது மசியவில்லை.

“இந்தப் பூட்டு சாஃப்ட்வேர எழுதுனதே நீதானடா?” என்றான் நண்பன் கலைவாணன்.

“எப்படியாச்சும் திற மச்சான். இல்லன்னா செத்தேன்!”

கலைவாணன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். கடவுச்சொல் கேட்காமலே எல்லாம் திறந்துகொண்டது.

“இவ்ளோதான்டா! இதுக்கா அழுத?”

வெற்றிச்செல்வன் அவனைக் கட்டிப்பிடித்தான். திரையில் ஆய்வேட்டின் தலைப்பைக் கலைவாணன் உரக்கப் படித்தான்:

“வெற்றிச்செல்வனின் பூட்டு: கடவுச்சொல் இன்றி எவராலும் திறக்க முடியாது என்பதற்குக் கணினியே சரிபார்த்த கணித நிரூபணம்.”

கட்டிப்பிடித்த கை தளர்ந்தது.

“மச்சான்... நீ இதத் திறக்கவே இல்ல” என்று கெஞ்சினான் வெற்றிச்செல்வன்.