மருந்து போகாத கை

அவளுடைய வலது கையில் பட்டையைச் சுற்றி இறுக்கினார் டாக்டர்.

டாக்டர் என்றால் அவள் அப்பாவின் இரண்டாவது மனைவி. அவர் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும் மகளுக்கு வாயில் வருகிற உறவுமுறை அதுதான். மயக்கத்தில் கிடப்பவர்களுக்கு உள்ளே வலி தெரிகிறதா என்று ஆராய்வது அவர் வேலை.

அவள் வேலை, அவர் வரும்போதெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொள்வது.

நேற்று ராத்திரி அந்த வீம்பெல்லாம் கரைந்துபோயிற்று. வயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. விடிந்தால் ஆபரேஷன். வெறுங்காலோடு போய் டாக்டரின் மேசை அருகே நின்றாள்.

"உள்ள முழிச்சிருக்கேன், ஆனா அசைய முடியல, கத்த முடியல. அப்படி ஆனா யாருக்குத் தெரியும்?"

அதெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பட்டையைப் பற்றிச் சொன்னார். உடம்பை அசையாமல் வைக்கிற மருந்து அதைத் தாண்டிக் கைக்குள் போகாது. உடம்பு முழுக்கக் கட்டிப்போட்டாலும் அந்த ஒரு கை அசையும். பிடித்திருப்பவர் கையை ஆமாம் என்றால் ஒரு அழுத்து, இல்லை என்றால் இரண்டு.

"பல பேர் அழுத்துவாங்க. எழுந்ததும் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது."

"சரி, கையை நீங்களே பிடிங்க. ஆனா நான் தூங்கினதும் போயிடணும். வேற யாராவது பிடிக்கட்டும். என் வயித்துக்குள்ள நீங்க பாக்கக் கூடாது."

"சரிம்மா. போயிடறேன்."

இப்போது தலைமாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் குனிந்தார். "என்ன பாப்பா, நேத்து தூங்கலையாமே? இன்னிக்கு வட்டியும் முதலுமா தூங்கிடலாம்."

சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் மேலே இருந்த விளக்கு கரைந்து, பாலாகி, வழிந்தது.

வீடு. அறை அறையாக வெதுவெதுப்பான தண்ணீர். செருப்புகள் மீன்களைப் போல் கூடத்தைச் சுற்றி வந்தன. அவள் தன் அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், அடியில் கிடந்தாள்.

எங்கோ யாரோ ஒரு பையின் ஜிப்பைத் திறந்தார்கள். அந்தப் பை அவள்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வலது கை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை யாரோ பிடித்திருந்தார்கள்.

"கேக்குதா? கேட்டா கையை அழுத்து."

அழுத்தினாள். கதவுக்கு அப்பால் சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது.

"வலிக்குதா?"

இரண்டு முறை.

"மருந்தைக் கொஞ்சம் கூட்டுங்க," என்று குரல் யாரிடமோ சொன்னது. பிறகு கதவோடு கன்னத்தை வைத்துப் பேசுவதுபோல் மிக அருகில் வந்தது.

"தூங்கினதும் போகச் சொன்னியே. ஆள் மாத்திட்டு நான் போகட்டுமா?"

போங்க. அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து எத்தனையோ முறை சொல்லித் தேய்ந்த சொல். நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது.

ஆனால் நாக்கு தண்ணீருக்கடியில் இருந்தது. கைதான் வெளியே.

தண்ணீர் ஏறியது.

கண் திறந்தபோது வேறு அறை, ஜன்னலில் மாலை வெயில். கால்மாட்டு நாற்காலியில் அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வீடு, தண்ணீர், கதவு எதுவும் அவளிடம் மிச்சமில்லை. துடைத்த கரும்பலகையாக இருந்தது தலை.

பட்டை கழற்றிய கை டாக்டரின் கைக்குள் இருந்தது. டாக்டரின் புறங்கையில் பிறைபிறையாக நகத்தடங்கள்.

"தூங்கினதும் போயிடணும்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"அப்புறம் ஏன் போகல?"

"போகட்டுமான்னு உன்னைத்தான் கேட்டேன்."

"தூங்கிட்டிருந்தவகிட்டயா?" நாக்கு குழறினாலும் குத்தல் குறையவில்லை. "நான் என்ன சொன்னேனாம்?"

டாக்டர் அவள் கையை ஒரு முறை அழுத்தினார்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.