ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

கோடைகாலப் பொறியியல் பயிற்சியின் முதல் நாள் என்னிடம் ஓர் அரத்தையும் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் இரும்புத் துண்டையும் கொடுத்தார்கள். அதை ஐம்பதாக ராவிக் குறைக்க வேண்டும். மாலைவரை ராவினேன். மேசையில் தூள் குவிந்தது. அளந்தால் ஐம்பத்திரண்டு. மறுநாளும் அதேதான்.

"அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்டி" என்றாள் அம்மா, போனில்.

மூன்றாம் நாள் என் பேன்ட் தரையில் புரண்டது. மடித்துவிட்டுக்கொண்டு போனேன். இடுப்பளவு இருந்த மேசை நெஞ்சுக்கு வந்திருந்தது.

"சார், மேசை உயரமா இருக்கு."

"துண்டுல இன்னும் எவ்வளவு குறையணும்?"

"ரெண்டு மில்லி, சார்."

பயிற்சியாளர் ஒரு ஸ்டூலை என் காலடியில் போட்டார். "இந்த வாரத்துக்கு இது போதும்."

சுவரோரம் இன்னும் உயரமான ஸ்டூல்கள் வரிசையாக நின்றன. கடைசி ஸ்டூலில் ஏற, சின்னதாக ஓர் ஏணி சாத்தியிருந்தது.