மருமகளுக்கு வைத்த ஃபேன்

"அந்த ஃபேன் மேல யாராவது கை வெச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும் நான் யாருன்னு!"

முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு மாமியார் போட்ட சத்தத்தில், பெயின்ட் பவுடர் கலக்கும் கூடமே திரும்பிப் பார்த்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா அசரவில்லை. "அதை எடுத்துத்தான் ஆகணும்மா."

"என் மருமக ஆறு மாசக் கர்ப்பம். சூப்பர்வைசர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி, அவ செஞ்ச பவுடர் கொட்டுற வேலையை நான் வாங்கிக்கிட்டு, அவளை அந்தக் கடைசி மூலையில லேபிள் ஒட்ட உட்கார வெச்சிருக்கேன். அங்கே பொட்டுக் காத்து கிடையாது. அதான் வீட்டு ஃபேனைத் தூக்கிட்டு வந்தேன்."

மூலையிலிருந்து மருமகள், "எனக்கு வேர்க்கவே இல்லைன்னு தினமும் சொல்றேனே அத்தை, எடுத்துடுங்க" என்றாள்.

"நீ வாயை மூடு. உனக்கு என்ன தெரியும்?"

"ஏசி கார்ல வந்தவங்களுக்கு நம்ம புழுக்கம் எங்கே தெரியும்!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"காலையில உங்க மருமக காலர்ல ஒரு கருவி மாட்டினேன். அவங்க மூச்சுக் காத்துல இந்தப் பவுடர் நிறைய இருக்குன்னு காட்டுது."

"கருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு! அவ எங்கே, பவுடர் எங்கே? அவ மேசையில ஒரு தூசி காட்டுங்க பார்ப்போம்."

"தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு சன்னம்மா இது. ஒண்ணொண்ணா யார் கண்ணுக்கும் தெரியாது. கும்பலா ஒட்டிக்கிட்டுப் போறது மட்டும் இருட்டுல வெளிச்சம் அடிச்சாத் தெரியும். லைட்டை அணைங்க. ஃபேன் ஓடட்டும். நீங்க எப்பவும்போலக் கொட்டுங்க."

இருட்டில் பெரிய டார்ச் ஒன்று எரிந்தது. மாமியார் முகமூடியை ஏற்றிக்கொண்டு, வீம்பாகச் சாக்கைச் சாய்த்தாள்.



சாக்கின் வாயிலிருந்து வெள்ளிப் புகை எழுந்தது. கோடி கோடியாக மினுமினுப்பு. இத்தனை வருஷம் இது கூடவேவா இருந்தது?

"அடேங்கப்பா! ஆகாசத்தைக் கொண்டாந்து உள்ளே கொட்டின மாதிரி இருக்கே!" என்றாள் மாமியார்.

அந்த மினுமினுப்பு, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஃபேனின் காற்றில் ஏறியது. ஆறாக நீண்டு, கூடத்தைக் கடந்து, கடைசி மூலையில் மருமகளின் முகத்தில் போய் முடிந்தது.

மாமியார் இருட்டிலேயே பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள்.

லைட் வந்தது. "மேடம்... குழந்தைக்கு?"

"கெடுதல் எவ்வளவுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாதும்மா. தெரியுறவரைக்கும் மூச்சுல போகக் கூடாது. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

தினமும் அந்த ஃபேன் காற்றில் நின்று டீ குடிக்கும் சூப்பர்வைசர் விறைத்துக்கொண்டார். "யாரைக் கேட்டு இங்கே ஃபேன் வெச்சீங்க?"

"நான்தான்... என் கையாலயே, இவளுக்கு..." மாமியார் பிடுங்கிய ஒயரையே பார்த்தாள்.

மருமகள் மெல்ல எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை வேண்டாம்னுதான் சார் சொன்னாங்க. வேர்க்குது, ஃபேன் வெச்சே ஆகணும்னு தினமும் அடம் பிடிச்சது நான்தான்."